முற்றத்துக்கு அடியில் போகும் குழாய் யாருடையது?

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கியவர்களின் தபால்பெட்டிக்கு இந்தக் கடிதம் என்றாவது ஒருநாள் வந்து சேரும். உறையின் மேல் சில நேரம் ஊர் நகராட்சியின் சின்னமே இருக்கும். உள்ளே இருக்கும் செய்தி இதுதான்: வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாயும் வீட்டிலிருந்து போகும் கழிவுநீர்க் குழாயும் உங்கள் பொறுப்பு, உடைந்தால் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், மாதம் சில டாலர் கட்டினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விளம்பரம்தானே என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அரசாங்கத்தின் பில் என்று நினைத்துப் பணம் கட்டிவிடுகிறவர்களும் உண்டு.

இரண்டுமே அவசர முடிவுதான். கடிதம் சொல்கிற பொறுப்பு பெரும்பாலான ஊர்களில் உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக்குக் காப்பீடு தேவையா என்பதை அந்தக் கடிதத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. குழாய் எதனால் ஆனது, அதற்கு என்ன வயது, சுற்றிலும் எப்படிப்பட்ட மண், மேலே என்ன மரம் என்ற நான்கும் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் வீடு வாங்கி வாழும் நம் குடும்பங்கள் இந்த நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லைக்கோடு எங்கே?

தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாய் நகராட்சிக்கோ குடிநீர் நிறுவனத்துக்கோ சொந்தம். அதிலிருந்து வீட்டுக்குப் பிரியும் சிறிய குழாய் யாருக்குச் சொந்தம் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் நடைபாதை ஓரத்து அடைப்பு வால்வு வரை நிறுவனம் பார்த்துக்கொள்ளும்; அதற்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரருடையது. நியூயார்க் நகரத்தில் தெருவின் பெரிய குழாயில் இணையும் இடம் வரை குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அதாவது நகராட்சிச் சாலைக்கு அடியில் உடைந்தாலும் சாலையைத் தோண்டி, சரிசெய்து, மறுபடி தார் போட்டு மூடும் செலவு அவருடையது.

எரிவாயுவில் நிலைமை எளிது. மீட்டர் வரைக்கும் பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. மின்சாரக் கம்பி தலைக்கு மேலே வந்தால் கம்பி நிறுவனத்துடையது, வீட்டுச் சுவரில் மீட்டர் பொருத்தியிருக்கும் பெட்டி பெரும்பாலும் உங்களுடையது. தரைக்கு அடியில் மின்கம்பி வரும் வீடுகளில் ஊர் விதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுக்குமாடிக் குடியிருப்பிலும் சங்கம் உள்ள குடியிருப்புகளிலும் நிலத்தடிக் குழாய்கள் பலவும் சங்கத்தின் கணக்கில் வரும். அமெரிக்க வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை செப்டிக் தொட்டியை நம்பியிருப்பவை. அங்கே தெருவின் கழிவுநீர்க் குழாயோடு இணைப்பே கிடையாது. ஆகவே பிரீமியத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் குடிநீர் நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, "என் பொறுப்பு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது?" என்று கேட்டுவிட வேண்டும்.

எந்தக் காலத்து வீடு, எந்தக் குழாய்?

வீடு கட்டிய ஆண்டைச் சொன்னால் அனுபவமுள்ள பிளம்பர் மண்ணுக்குள் என்ன குழாய் இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவார்.

பழைய வீடுகளில் கழிவுநீருக்குச் சுட்ட களிமண் குழாய் போட்டார்கள். களிமண்ணை அமிலம் அரிக்காது, துரு பிடிக்காது. அதன் பலவீனமெல்லாம் இணைப்புகளில்தான். இரண்டு மூன்று அடிக்கு ஒரு துண்டு என்று அடுக்கிச் சிமெண்ட் கலவையால் பூசினார்கள். 50 அடி நீளக் குழாயில் ஏறக்குறைய இருபது இணைப்பு வந்துவிடும். மண் சற்று அசைந்தாலும் விறைப்பான அந்தப் பூச்சில் விரிசல் விழும்.

வார்ப்பிரும்புக் குழாய் உள்ளேயிருந்து அரிக்கப்படுகிறது. குழாயின் அடியில் படியும் வழுவழுப்பான படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவுநீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்குகின்றன. அந்த வாயு மேலே எழுந்து குழாயின் ஈரமான மேற்சுவரில் ஒட்டுகிறது. அங்கே வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. வெளிப்புறத்திலோ ஈரமண் துருவை ஏற்றுகிறது. ஒரே குழாயின் ஒரு பகுதி ஈரத்திலும் இன்னொரு பகுதி காய்ந்த மண்ணிலும் கிடந்தால், இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகி ஒரு பகுதி மட்டும் வேகமாகக் கரையும்.

அமெரிக்க வீட்டுக்காரர்களை அதிகம் சோதித்தது ஆரஞ்ச்பர்க் குழாய். நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச்பர்க் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் இது, மரக்கூழில் நிலக்கரித் தாரை ஏற்றிச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்பும் எஃகும் போர்த் தளவாடங்களுக்குப் போய்விட, லேசான, மலிவான இந்தக் குழாய் சந்தையைப் பிடித்தது. 1970களின் தொடக்கம் வரை போட்டார்கள். மண்ணின் எடையைத் தாங்க முடியாமல் வட்டமான குழாய் முட்டை வடிவாகும், பிறகு தட்டையாகும், உட்சுவரில் கொப்புளம் எழும். இன்று அப்படி ஒரு குழாய் உங்கள் வீட்டில் இருந்தால் அது தன் ஆயுளைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

1978 முதல் 1995 வரை குடிநீருக்குப் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிற அல்லது நீலநிறப் பிளாஸ்டிக் குழாய் பரவலாக இருந்தது. குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் அதன் உட்சுவரைச் சிறுகச் சிறுக நொறுங்க வைத்தது. வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் ஒருநாள் வெடிக்கும். உற்பத்தியாளர்கள் மீது தொடுத்த கூட்டு வழக்கு 1995இல் 95 கோடி டாலர் அளவிலான தீர்வில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பி.வி.சி.யும் அடர்த்தியான பாலிஎத்திலீனும் துருப்பிடிக்காதவை, இணைப்புகள் குறைந்தவை. ஒழுங்காகப் புதைத்தால் மனித ஆயுளைத் தாண்டி நிற்கும்.

வேர் உள்ளே வரும் வழி

வேர் குழாயை உடைத்துவிட்டது என்று சொல்வார்கள். உண்மையில் முழுதாக இருக்கும் குழாயை வேர் தேடிப் போய் உடைப்பது அரிது. ஏற்கெனவே இருக்கும் விரிசலைத்தான் அது கண்டுபிடிக்கிறது.

பழைய களிமண் குழாயின் ஓர் இணைப்பைப் பாருங்கள். உள்ளே ஓடும் நீர் குளிப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வருவதால் சுற்றியுள்ள மண்ணைவிட வெதுவெதுப்பானது. சிமெண்ட் பூச்சில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் அதன் வழியே நீராவி கசிந்து வெளியே குளிர்ந்த மண்ணில் ஈரமாகப் படியும். வேர்நுனிக்கு ஈரம் மிகுந்த பக்கம் திரும்பி வளரும் குணம் உண்டு. வறண்ட கோடையில் சில்வர் மேப்பிளோ வில்லோ மரமோ நீருக்குத் தவிக்கும்போது அந்த ஈரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு விரிசல் வரை வந்துவிடும். முதலில் நுழைவது நூலைவிட மெல்லிய வேர். உள்ளே மண்ணின் எதிர்ப்பு இல்லை. நீரும் ஊட்டமும் ஓயாமல் வருகின்றன. சில பருவங்களில் அது சிக்குப்பிடித்த சடைபோல் குழாயை அடைத்துக்கொள்ளும். கழிப்பறைக் காகிதமும் சமையல் எண்ணெயின் கொழுப்பும் அதில் மாட்டித் தங்கும். விரிசலில் இருக்கும் வேரின் தண்டுப் பகுதி பருத்துக்கொண்டே போக, இணைப்பு இன்னும் அகலும்.

வீட்டுக்குள் இதற்கு அடையாளங்கள் உண்டு. தொட்டியில் தண்ணீர் மெதுவாக வடியும். கழிப்பறையில் குமிழி விடும் ஓசை கேட்கும். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது அடித்தளத்து வடிகாலில் நீர் மேலெழும். ஒரே ஒரு தொட்டி அடைத்தால் பிரச்சினை அந்த இடத்தில். கீழ்த்தளத்தில் எல்லாம் சேர்ந்து அடைத்தால் பிரச்சினை முற்றத்துக்கு அடியில்.

பனியும் களிமண்ணும்

வடக்கு மாநிலங்களில் மண்ணே குழாயைத் தூக்கிப் போடுகிறது. நீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும் என்பது பள்ளிப் பாடம். மண்ணில் நடப்பது அதற்கும் மேல். மேலிருந்து உறைநிலை கீழிறங்கும்போது, உறையாத ஆழத்திலிருக்கும் நீர் நுண்துளைகள் வழியே பனிக்கட்டியை நோக்கி இழுக்கப்படுகிறது. அங்கே அடுக்கடுக்காகப் பனி வில்லைகள் தடித்து, மேலிருக்கும் மண்ணை அங்குலக் கணக்கில் உயர்த்துகின்றன. இளவேனிலில் உருகி மண் தொய்கிறது. ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் இணைப்புகளைச் சோதிக்கிறது. இதற்காகத்தான் மினசோட்டா போன்ற இடங்களில் குடிநீர்க் குழாயை 7, 8 அடி ஆழத்தில் புதைக்கிறார்கள்.

டெக்சாஸில் பனிக்குப் பதில் களிமண். மழையில் வீங்கி, வறட்சியில் சுருங்கிப் பிளக்கும் கரிசல் வகை மண் அங்கே பரந்து கிடக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும் என்பது பிளம்பர்களின் பொது அளவு. மண் சுருங்கி ஓரிடத்தில் குழாய் தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் கழிவு தேங்கும். உடையாமலேயே குழாய் பழுதாவது இப்படித்தான்.

ஆழம்தான் செலவைத் தீர்மானிக்கிறது. 5 அடியோ அதற்கு மேலோ ஆழமான பள்ளத்தில் ஆள் இறங்குவதானால் மண் சரியாதபடி தடுப்பு வைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. அதோடு நகராட்சி அனுமதி, சாலை மறிப்பு, நடைபாதை, புல்வெளி. குழாயின் விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான். மீதியெல்லாம் மண்ணைத் தோண்டி மூடுவதற்கு. கழிவுநீர்க் குழாயை முழுதாக மாற்ற சில ஆயிரம் டாலரிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேலே போவது இதனால்தான்.

பாலிசியில் என்ன இருக்கிறது?

சாதாரண வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி திடீர் விபத்துக்கானது. தேய்மானம், துரு, மண் நகர்வு போன்றவற்றை அது வெளிப்படையாக விலக்கிவிடும். நிலத்தடிக் குழாய் கெடுவதோ பெரும்பாலும் இந்தக் காரணங்களால்தான். ஆகவே வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழிகள் விற்பனையில் உள்ளன. ஒன்று, உங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனமே பாலிசியோடு சேர்த்துத் தரும் சர்வீஸ் லைன் கூடுதல் காப்பு. இதற்குப் பொதுவாக ஆண்டுக்கு 20 முதல் 50 டாலர் வரை ஆகும். 10,000 டாலர் வரை கிடைப்பது வழக்கம். முதல் 500 டாலரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தகவல்தொடர்புக் கம்பி என்று பல இணைப்புகளும் ஒரே காப்பில் அடங்கும். வேர், துரு, தேய்மானம் ஆகியவற்றையும் பெரும்பாலான காப்புகள் ஏற்கின்றன. தோண்டும் செலவும் புல்வெளியைச் சீர்செய்யும் செலவும் சேரும்.

இரண்டாவது, கடிதம் அனுப்பும் தனி நிறுவனங்களின் பராமரிப்பு ஒப்பந்தம். குடிநீருக்குத் தனி, கழிவுநீருக்குத் தனி என்று மாதக் கட்டணம். உடைந்தால் அவர்களே பிளம்பரை அனுப்புவார்கள் என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் சட்டப்படி இது பல மாநிலங்களில் காப்பீடாகக் கருதப்படுவதில்லை. ஆகவே காப்பீட்டுத் துறையின் மேற்பார்வை எல்லா இடத்திலும் கிடைக்காது. சேர்ந்த பிறகு 30 நாள் காத்திருப்பு, சேர்வதற்கு முன்பே இருந்த பழுதுக்குப் பணமில்லை என்பன போன்ற நிபந்தனைகளும் வழக்கமானவை.

இரண்டிலும் கவனிக்க வேண்டிய முக்கிய இடம் ஒன்று உண்டு. கழிவுநீர் எதிர்த்து வந்து அடித்தளத்து அறையை நாசமாக்கினால், குழாய்க் காப்பு குழாயை மட்டும் சரிசெய்யும். தரைவிரிப்பு, சுவர், பொருள்கள் ஆகியவற்றுக்கும் பணம் வேண்டுமானால் கழிவுநீர் பின்னெழுச்சிக்கான தனிக் காப்பு எடுத்திருக்க வேண்டும். செப்டிக் தொட்டி, கிணறு ஆகியவை பெரும்பாலும் விலக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆண்டுக்கு 40 டாலர் கூடுதல் காப்பு. பழுதுச் செலவு 8,000 டாலர். அதில் 500 உங்களுடையது. நிறுவனம் தருவது 7,500. அதை 40ஆல் வகுத்தால் 187. அதாவது 187 ஆண்டுகளுக்கு ஒருமுறையைவிட அடிக்கடி குழாய் உடையக்கூடும் என்றால் இந்தக் காப்பு கணக்கில் நட்டமில்லை. அறுபது வயதுக் களிமண் குழாய்க்கு இந்த நிபந்தனை எளிதில் பொருந்தும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு குழாய்க்கும் சேர்த்து மாதம் 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180. அதே 8,000 டாலர் பழுதுக்கு முழுத் தொகையும் கிடைத்தாலும் 44 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது உடைந்தால்தான் கட்டிய பணம் திரும்பும். பத்து வயதான பி.வி.சி. குழாய் அந்த வேகத்தில் உடையாது.

பொறியியலில் தொட்டி வளைகோடு என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் பழுதாகும் வாய்ப்பு தொடக்கத்தில், பொருத்தியதில் நேர்ந்த குறைகளால், சற்று உயர்ந்திருக்கும். பிறகு நீண்ட காலம் தாழ்ந்து நிற்கும். முதுமையில் மறுபடி ஏறும். குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் போன்ற அந்தக் கோட்டில் உங்கள் குழாய் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பிரீமியம் நியாயமா என்று தீர்மானிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எந்தக் காப்பீட்டிலும் எல்லோரும் சேர்ந்து கட்டுவது, எல்லோரும் சேர்ந்து பெறுவதைவிட அதிகம்; நிர்வாகச் செலவும் லாபமும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே தாங்க முடிந்த நட்டத்துக்குச் சேமிப்பு, தாங்க முடியாத நட்டத்துக்குக் காப்பீடு என்பதே சரியான பிரிவினை. திடீரென்று 10,000 டாலர் கேட்டால் கிரெடிட் கார்டைத் தேட வேண்டிய குடும்பத்துக்கு அந்த 40 டாலர் மதிப்புள்ளது.

முதலில் கேமராவை அனுப்புங்கள்

சில நூறு டாலருக்குப் பிளம்பர் நீண்ட கம்பியின் முனையில் சிறு கேமராவைக் கட்டி உங்கள் கழிவுநீர்க் குழாய்க்குள் அனுப்புவார். வேர் எங்கே, விரிசல் எங்கே, தொய்வு எங்கே என்று திரையில் நீங்களே பார்க்கலாம். கேமராவிலுள்ள சிறு அலைபரப்பி, பழுது தரையில் எந்த இடத்துக்கு நேர் கீழே, எவ்வளவு ஆழத்தில் என்பதைக் காட்டிவிடும். பழைய வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்திடும் முன்பே இந்தச் சோதனையைக் கேட்க வேண்டும். விலையைப் பேச அது உறுதியான ஆதாரம். கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் பகுதியில் வீடு விற்கும்போது கழிவுநீர்க் குழாய் கசியவில்லை என்ற சான்றிதழே கட்டாயம். விரிசல் வழியே மழைநீர் புகுந்து சுத்திகரிப்பு நிலையம் நிரம்பி, அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கலந்ததால் வந்த விதி இது.

பழுது இருந்தாலும் முற்றம் முழுவதையும் தோண்டத் தேவையில்லாத முறைகள் இன்று உண்டு. 1971இல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர், பிசினில் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, அங்கேயே இறுக வைத்துப் புதுக் குழாயாக்கிக் காட்டினார். அந்த முறை இப்போது வீட்டுக் குழாய்களுக்கும் வந்துவிட்டது. முற்றத்தில் மரம் நடுவதற்கோ வேலி போடுவதற்கோ முன் 811 என்ற இலவச எண்ணை அழைத்தால் நிறுவனங்கள் வந்து தங்கள் குழாய்களை நிறமிட்டுக் காட்டும்: குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு. உங்களுக்குச் சொந்தமான பகுதியை அவர்கள் பெரும்பாலும் குறிக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காப்பீடு தொடாத இடம்

உடையாத குழாய்க்குக் காப்பீடு பணம் தராது. ஆனால் உடையாமலேயே தீங்கு செய்யும் குழாய் ஒன்று உண்டு. அது ஈயக் குழாய். அமெரிக்கா 1986இல் புதிதாக ஈயக் குழாய் போடுவதைத் தடை செய்தது. ஆனாலும் 2023இல் அங்கே சுமார் 92 லட்சம் ஈயக் குழாய் இணைப்புகள் இருப்பதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் 2014இல் நீராதாரத்தை மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்காமல் விட்டதால் குழாயின் ஈயம் குழந்தைகளின் உடலுக்குள் போனது. 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் இந்தக் குழாய்களை மாற்ற 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்ற பட்டியலை 2024 அக்டோபருக்குள் தயாரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் உங்கள் முகவரியைத் தேடிப் பாருங்கள். பல ஊர்கள் இலவசமாகவே மாற்றித் தருகின்றன. பிலடெல்ஃபியா, உடைந்த வீட்டுக் குழாய்களைச் சரிசெய்ய வட்டியில்லாக் கடன் தருகிறது. இப்படிப்பட்ட உதவி உங்கள் ஊரில் உண்டா என்று கேட்பது பிரீமியம் கட்டுவதற்கு முந்தைய வேலை.

பொறுப்பை வேறு விதமாகப் பகிரவும் முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 அக்டோபர் 1 முதல், வீட்டு எல்லைக்கு வெளியே போகும் தனியார் கழிவுநீர்க் குழாய்களும் பல வீடுகள் பகிரும் குழாய்களும் குடிநீர்-கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. சாலைக்கு அடியில் இருக்கும் குழாயைத் தனி ஒருவரின் தலையில் கட்டாமல், எல்லோருடைய கட்டணத்திலும் சிறு பங்காகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்க நகரங்களும் அந்த வழியில் போவதே நியாயம் என்பது என் கருத்து.

அதுவரைக்கும் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 1980க்கு முந்தைய வீடா, முற்றத்தில் பெரிய மரமா, சாலை வரைக்கும் உங்கள் பொறுப்பா? முதலில் கேமரா விட்டுப் பாருங்கள். குழாய் பழையது, ஆனால் இன்னும் ஓடுகிறது என்றால், வீட்டுக் காப்பீட்டு முகவரிடம் சர்வீஸ் லைன் கூடுதல் காப்பைக் கேட்டு வாங்குங்கள். தனி ஒப்பந்தத்தைவிட அது பெரும்பாலும் மலிவு, பரந்தது. வீடு புதியது, குழாய் பிளாஸ்டிக், சேமிப்பில் சில ஆயிரம் உண்டு என்றால் தனி ஒப்பந்தம் தேவையில்லை. எதுவாக இருந்தாலும், கையெழுத்திடும் முன் விலக்குகள் இருக்கும் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.